பிளக் மூக்கில் படிந்த காலம்

1971 சித்திரையில் சாத்தூர் மெயின் ரோட்டோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். எனக்குப் பன்னிரண்டு வயசு. முதல் நாளே மேஸ்திரி ஒரு அம்பாசிடரின் நாலு பிளக்கையும் கழற்றி, எண்ணெய்ச் சிக்குப் பிடித்த பலகை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சும்மா நிற்கிறோமே என்று நான் அந்த நாலையும் பெட்ரோலில் முக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று ஆக்கி வைத்தேன். திரும்பி வந்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: “வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்றதுக்கு முன்னாடியே சீக்காளி நாக்கை வழிச்சுட்டு வந்தா, அவரு எதைடா பாப்பாரு?”

மறுநாள் எனக்கு நாலு துளை போட்ட ஒரு வேப்பம்பலகை கிடைத்தது. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எந்தச் சிலிண்டரில் இருந்து வந்ததோ அந்தத் துளையில், துடைக்காமல், மூக்கு மேலே பார்க்க நிறுத்தி வைக்க வேண்டும். ஆறு மாசம் என் வேலை அதுதான்.

இன்ஜினுக்குள் நெருப்பு எரிகிற அறையில் குடியிருந்துவிட்டு, தலையைப் பிரிக்காமலேயே வெளியே எடுக்கக் கூடிய சாமான் பிளக் ஒன்றுதான். உள்ளே நடந்ததெல்லாம் அதன் பீங்கான் மூக்கில் படிந்திருக்கும். நல்ல பிளக்குக்கு மேஸ்திரி சொன்ன அடையாளம் எங்கள் ஊர் காராச்சேவு: பதமாக வெந்த சேவின் நிறம் இருந்தால் இன்ஜின் சுகமாக இருக்கிறது. அரிக்கேன் விளக்குக் கண்ணாடி மாதிரி வறண்ட கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூடுதல், காற்று குறைச்சல். சோக் இழுத்தபடி நின்றிருக்கும், இல்லை ஏர் ஃபில்டரில் கரிசல் புழுதி அடைத்திருக்கும். கோடையில் இந்தப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு அது சர்வசாதாரணம். கரி ஈரமாக, விரலில் வழுக்கினால் எண்ணெய் மேலே ஏறுகிறது. ரிங் தேய்ந்திருக்கும், இல்லை வால்வு கைடு போயிருக்கும். அந்தப் பிளக்கை எத்தனை தடவை துடைத்துப் போட்டாலும் பத்து நாளில் திரும்பி வரும். மூக்கு சுண்ணாம்பாக வெளுத்து, கொக்கி ஓரம் உருகிய மாதிரி இருந்தால் சூடு தாங்கவில்லை: காற்று கூடுதல், அல்லது டைமிங் முந்துகிறது. வெளுத்த பிளக்குக்குத்தான் மேஸ்திரி அதிகம் பயப்படுவார். கரி பிடித்த பிளக் வண்டியை நிறுத்தும், வெளுத்த பிளக் பிஸ்டனை ஓட்டை போடும் என்பார்.

எது கெட்டது என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து, மரப்பிடி போட்ட திருப்புளியின் நடுக்கம்பியை இன்ஜின் தலையில் சாய்த்து, நுனியால் ஒவ்வொரு பிளக்கின் உச்சியையும் தொடுவார். தொட்டவுடன் கரண்டு பிளக்குக்குள் போகாமல் இரும்பில் இறங்கிவிடும். இன்ஜின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. தொட்டும் சத்தம் மாறவில்லை என்றால், படுத்துக் கிடந்தது அதுதான். பிளக் வயரில் கசிவு என்று சந்தேகம் வந்தால் இருட்டும்வரை காத்திருப்போம். ஒர்க்‌ஷாப் விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தால், வெடித்த வயர்மேல் நீலமாக ஊர்ந்து போகும். வைப்பாற்றுக் காற்று ஈரமாக வீசுகிற ஐப்பசி ராத்திரிகளில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் தலைமுடி போல விரிசல் இருந்தாலும் அந்த இருட்டில் தப்பாது.

எங்கள் வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டினாள். கூலி குரோஸ் கணக்கு; ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. அக்கா வெடி ஆபீசுக்குப் போனாள். அங்கே இரும்புச் சாமான் கூடாது, பித்தளையும் மரமும்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழையணும். ஒரு பொறி விழுந்தால் அறையே இருக்காது. நான் போன இடத்தில் பொறி விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது மேஸ்திரி சொல்லிக் கொடுத்த ஒரு கணக்கை அம்மாவிடம் சொன்னேன். அம்பாசிடர் நிதானமாக ஓடும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பொறி. அதாவது ஒரு பிளக் வினாடிக்கு 20 தடவை. மதுரை போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரே ஒரு பிளக் 90,000 தடவை பற்ற வைத்துவிடும். அம்மா பெட்டிக்கு 50 குச்சி என்று வகுத்து, மனசுக்குள்ளேயே குரோஸ் ஆக்கி, “பன்னெண்டரை குரோஸா?” என்றாள். அவள் பசை தொட்டு ஒட்டிய பெட்டிகளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்தப் பீங்கான் துண்டின் உழைப்பு எனக்கு உறைத்தது.

தீப்பெட்டி எங்கள் தொழிலுக்கும் உதவியது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிபி பாயிண்ட் கருகிப் பொறி மங்கினால், உப்புத்தாள் இல்லாத டிரைவர்கள் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து மடித்து, இரண்டு பாயிண்டுக்கும் நடுவே விட்டு இழுப்பார்கள். அந்தப் பூச்சில் சிவப்புப் பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளும் உண்டு. மெல்லிய அரம் மாதிரி வேலை செய்யும். அதேபோல, பிளக் கொக்கிக்கும் நடுக்கம்பிக்கும் உள்ள இடைவெளி அம்பாசிடருக்கு 25 தௌ, அதாவது கிட்டத்தட்ட 0.6 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் உடைந்த ஹாக்ஸா பிளேடு துண்டு போதும். அதன் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிளேடு லேசாகப் பிடித்துக்கொண்டு போனால் சரி. கொக்கியைத்தான் தட்டணும், நடுக்கம்பியை நெம்பக் கூடாது. நெம்பினால் பீங்கான் மூக்கு கண்ணுக்குத் தெரியாமல் கீறிவிடும்.

பிளக்கை மாட்டுவதிலும் படிப்பினை உண்டு. அம்பாசிடரின் தலை வார்ப்பிரும்பு. பியட்டின் தலை அலுமினியம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், அம்பாசிடரில் பழகின அதே கைப்பலத்தோடு ஒரு பியட்டில் பிளக்கைக் கோணலாக ஏற்றி, பானாவை இழுத்தேன். முதலில் இறுக்கமாக வந்தது, பிறகு வெண்ணெயில் திரும்பின மாதிரி லேசாகிவிட்டது. மரை போய்விட்டது. தலையைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, லேத்தில் இரும்பு புஷ் கடைந்து ஏற்றி முடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. லேத் முன்னால் நிற்க வைத்து 14 மில்லிமீட்டர் மரை எப்படி வெட்டப்படுகிறது என்று பார்க்க வைத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை பிளக்கை அடிவரைக்கும் விரலால்தான் ஏற்றுகிறேன். விரலுக்கு வராவிட்டால் மரை தப்பியிருக்கிறது என்று அர்த்தம். பானா கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும்.

இந்தச் சாமானின் பூர்வீகத்தை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1860-ல் பாரிஸில் லெனுவார் கட்டிய காஸ் இன்ஜினே மின்பொறியால்தான் பற்றியது. ஆனாலும் நாற்பது வருஷம் அது நம்பகமாகவில்லை. சூடேற்றிய குழாயை வைத்துப் பற்ற வைத்தவர்களும் உண்டு. 1902 ஜனவரியில் ஸ்டட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் கம்பெனி, தன் இன்ஜினியர் கோட்லோப் ஹோனோல்டு உருவாக்கிய உயர் அழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் காப்புரிமை செய்தது. வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்குத் தோதான பொறி அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கம்பெனியின் கூட்டோடு 1951-ல் தொடங்கியதுதான் மைக்கோ. எங்களுக்குப் பிளக் என்றாலே மைக்கோ. 2008-ல் அதன் பெயர் பாஷ் என்று மாறிய பிறகும் சாத்தூர்க் கடைகளில் “மைக்கோ குடுங்க அண்ணாச்சி” என்றுதான் கேட்டார்கள். காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸின் பாடி ஆலையிலிருந்து வந்தன.

மைக்கோ நம்பரில் ஒரு சூட்சுமம் இருந்தது. டபிள்யூ 145, டபிள்யூ 175, டபிள்யூ 225. நம்பர் ஏற ஏற அது கோல்டு பிளக். மூக்கு குட்டை, சூட்டைச் சீக்கிரம் தலைக்குக் கடத்திவிடும். நம்பர் குறைந்தால் ஹாட் பிளக். மூக்கு நீளம், சூட்டைப் பிடித்து வைக்கும். மூக்கு 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரிந்து போகும். 850-ஐத் தாண்டினால் மூக்கே தணலாகி, பொறிக்கு முன்பே பற்ற வைத்துவிடும். ஸ்டாண்டில் நின்று ஊருக்குள்ளேயே ஊரும் டாக்ஸிக்கும், தினமும் தூத்துக்குடி போய் வரும் முதலாளி காருக்கும் ஒரே பிளக் ஒத்துவராது என்று மேஸ்திரி ஆளுக்கேற்றபடி மாற்றிப் போடுவார். பிறகு நம்பர் முறையே தலைகீழானது. 175 என்பது 7 ஆனது, 225 என்பது 5 ஆனது. நம்பர் குறைந்தால் கோல்டு என்று வந்தது. பழைய ஆட்கள் பலர் மாற்றிப் போட்டு இன்ஜினைக் கெடுத்தார்கள். அந்த வருஷம் நாங்கள் சுவரில் கரிக்கட்டியால் இரண்டு வரிசையையும் எழுதி வைத்திருந்தோம்.

ஒவ்வொரு காலத்துக்கும் பிளக் மூக்கில் ஒரு நிறம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். மேஸ்திரி, தன் குருநாதர் சொன்னதாக இரண்டாம் உலகப் போர்க்காலத்தைப் பற்றிச் சொல்வார். பெட்ரோல் ரேஷனில் இருந்தபோது மதுரை டிவிஎஸ் தயாரித்த கரி காஸ் பிளாண்டை முதுகில் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடின. அப்போது பிளக்கில் படிந்தது சாம்பலும் தாரும்.

என் காலத்து நிறம் ஈயத்தின் நிறம். தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக வேலை செய்தபோது, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலந்தால் இன்ஜின் தட்டாது என்று கண்டுபிடித்தார். அது உலகம் முழுக்கப் போய், எங்கள் ஊர்ப் பம்புக்கும் வந்தது. நாங்கள் சேவு நிறம் என்று மெச்சிய அந்தப் பழுப்பில் ஒரு பங்கு ஈயம். அதில் ஒரு கள்ளக் கோளாறும் உண்டு. ஐயப்பன் சீசனில் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறுகிற வண்டிகள் மலையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். இறங்கி ஊர் வந்தால் ஒழுங்காக ஓடும். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்த்தால் அருமையாக வரும். கெட்டிக்கார மெக்கானிக்குகளே கார்பரேட்டரைப் பிரித்து ஏமாந்தார்கள். மூக்கைச் சாய்த்து வெயிலில் காட்டினால்தான் தெரியும்: மஞ்சள் கலந்த ஒரு மெருகு, ஊறுகாய்ச் சாடியின் பளபளப்பு மாதிரி. ஈயம் உருகிப் பீங்கான்மேல் கண்ணாடியாக இறுகியிருக்கும். ஆறியிருக்கும்போது அது கரண்டைத் தடுக்கும். மலையேற்றச் சூட்டில் கடத்தத் தொடங்கிவிடும். பொறி பாய வேண்டிய கரண்டு மெருகு வழியாக ஒழுகிப் போகும். அந்தப் பிளக்கைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

சாதாரணமாகப் படிந்த ஈயத்தை நாங்கள் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வாயால் ஊதினோம். பதினைந்து வருஷம் ஊதினேன். கையைப் பெட்ரோலில் கழுவிவிட்டுச் சோற்றுச் சட்டியைத் திறந்தோம். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ரிஃபைனரியில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளிகள் புத்தி பேதலித்து, ஐந்து பேர் இறந்து போனார்கள். இது எனக்குத் தெரிய வந்தபோது எனக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டது. வெடி ஆபீஸ் விபத்தில் ஐந்து பேர் போனால் அந்தத் தெரு எப்படிக் கிடக்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். நான் பிறப்பதற்கு 35 வருஷம் முன்பே தெரிந்துவிட்ட ஒரு ஆபத்தை எந்தப் பம்பிலும் எந்தப் பிளக் டப்பாவிலும் எழுதி வைக்கவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் நாலு பெருநகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் தேதிதான் நாடு முழுக்க மாறியது. அந்தக் கோடையில் கழற்றிய பிளக்குகள் வெளிறித் தெரிந்தன. கலவை குறைந்துவிட்டதோ என்று பயந்து கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பினவர்கள் நிறையப் பேர். குறைந்தது ஈயம்தான்.

நடுவில் மண்ணெண்ணெய்க் காலம் ஒன்று வந்து போனது. 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடைக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போக, கலப்படமும் ஏறியது. மூக்கில் கரி, ஏற்றத்தில் டொக் டொக் என்று தட்டல், காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பு. மூன்றும் சேர்ந்து வந்தால் மேஸ்திரி பிளக்கைத் தொட மாட்டார். டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தாளில் விடுவார். சுத்தமான பெட்ரோல் இரண்டு நிமிஷத்தில் தடயமில்லாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் பணியாரம் வைத்த இலை மாதிரி வட்டம் நிற்கும். தாளைக் கார்க்காரரிடம் கொடுத்து, “பிளக் நல்லா இருக்கு அண்ணாச்சி, பம்பை மாத்துங்க” என்பார். பிளக் விற்ற காசு வராமல் போனதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

1983 டிசம்பரில் டெல்லியில் முதல் மாருதி 800 கைமாறியது. எங்கள் வாசலுக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆனது. பானெட்டைத் திறந்தால் மூன்றே பிளக். நாலில் ஒன்று படுத்தால் வண்டி நொண்டும், மூன்றில் ஒன்று படுத்தால் ஆளையே உலுக்கும். 2000-க்குப் பிறகு புகை விதிகள் இறுக, கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. கலவையைக் கம்ப்யூட்டர் அளந்து விடுவதால் மூக்கில் படிவதே குறைந்துவிட்டது. திருப்புளி வைத்தியமும் அதோடு முடிந்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் வைத்த வண்டியில் அப்படிச் செய்தால் எலக்ட்ரானிக் சாமான் புகைந்துவிடும். 40,000 வோல்ட் வரை வருகிற காயிலில் ஆளுக்கும் ஆபத்து.

தங்கை பேரன் கையில் ஸ்கேனர் வைத்திருக்கிறான். பி 0302 என்று காட்டினால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏன் எரியவில்லை என்பதை அது சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டி ஓட்டச் சொன்னேன். கோடு பி 0303 ஆக நகர்ந்தால் காயில். நகராவிட்டால் அடுத்து பிளக்கை மாற்றிப் பார். எதையும் வாங்குவதற்கு முன்னால் இது செலவில்லாத சோதனை. அவன் வண்டிக்கு வாங்கிய புதுப் பிளக்கின் நுனியில் குண்டூசிபோல் நிற்கும் கம்பி இரிடியம். பேனா நிப் முனையில் பொட்டு வைக்கிற உலோகத்துக்கும் அந்தப் பெயர்தான். சாத்தூர் ஒரு காலத்தில் நிப்புக்குப் பெயர்போன ஊர். என் வயசுக்காரர்கள் பலர் பட்டறைகளில் நிப்பின் பிளவைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, நான் பக்கத்துத் தெருவில் பிளக் இடைவெளியை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பால்பாயிண்ட் வந்து அவர்கள் தொழிலை முடித்தது. இரிடியம் பிளக்கை நான் அவனிடம் கொடுக்கும்போது, கம்பி பிரஷ் பக்கமே போகாதே என்றுதான் முதலில் சொன்னேன்.

போன ஆடியில் இருக்கன்குடிக்குப் போய்த் திரும்பிய ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் என்னிடம் வந்தது. வேகம் எடுத்தால் பின்னால் இழுக்கிற மாதிரி திணறல். வேப்பம்பலகையைத் தேடி எடுத்து நாலு பிளக்கையும் நிறுத்தினேன். நாலுமே வெளுப்பு. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால்; அதற்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் விடுகிற பெட்ரோல் இன்ஜினுக்குப் போதவில்லை. கார்பரேட்டர் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக மாற்றி, புதுப் பிளக் போட்டு, கோவில்பட்டி வரை ஓட்டிவிட்டு, இன்ஜினை அப்படியே நிறுத்திக் கழற்றினேன். ஒன்றும் இரண்டும் சேவு நிறத்துக்கு வந்துவிட்டன. மூன்றும் நாலும் இன்னும் வெளிறித்தான் இருக்கின்றன. இந்த இன்ஜினில் மூன்றுக்கும் நாலுக்கும் காற்று போகிற வாய் ஒன்றுதான். அந்தப் பக்கம் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுக்கிறது என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை பிரித்துப் பார்க்க வேண்டும்.